மீசை ஒட்டுகிற எட்டு நிமிடம்

அபிலாஷ் நான்காவது தடவையாக பைக்கை வீட்டுக்குக் கீழே நிறுத்தியபோது, நாயை அவிழ்த்துவிட்டால் என்ன என்று ராஜதாசுக்குத் தோன்றியது. அவிழ்க்கவில்லை. அவிழ்த்தாலும் அது கடிக்காது, வாலாட்டிக்கொண்டு போய் பிஸ்கட் கேட்கும். சினிமாக்காரனிடம் நாய்கூட மயங்கிப்போனது அவருக்குப் பிடிக்கவில்லை.

இடவப்பாதிப் பருவமழை தொடங்கி ஐந்து நாள் ஆகியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் அறுபது மூடு ரப்பர் மரம். பால் வெட்டுகிற பட்டையில் மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க மரத்தைச் சுற்றி பிளாஸ்டிக் கட்டி, விளிம்பில் கறுத்த பசையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மகன் ரெஜி ஆட்டோவை எடுக்காமல் பிளாஸ்டிக்கை அளவுக்கு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

“வா மக்கா,” என்றார் ராஜதாஸ், மரத்தைப் பார்த்தபடியே. “இண்ணைக்கு எந்தக் குறை கண்டுபிடிச்சிட்டு வந்திருக்க?”

“குறை ஒண்ணும் இல்ல மாமா. ஒரு சம்சயம் உண்டு.”

“போன தடவையும் நீ சம்சயம் எண்ணுதான் செல்லின. அது முடிஞ்சப்ப எனக்க ரெண்டாவது வேஷம் போச்சு.”

அது உண்மைதான். ராஜதாசின் ‘பிள்ளைக்கொடை’ நடக்காத சபை அசன விருந்தும் கோயில் திருவிழாவும் எங்கள் பக்கத்தில் குறைவு. எல்லையிலிருக்கும் பாறசாலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பதினாறு வருஷம் ஓடிய நாடகம். கொரோனா வந்துதான் அதை நிறுத்தியது. மேடையில் ஒரு வீட்டு முகப்பு, நடுவில் ஒரு கதவு, அவ்வளவுதான் செட். குழந்தையில்லாத தன் அக்காளுக்கு இரண்டு வயது மகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஒருத்தன் வீட்டுக்கு வருகிறான். விஷயம் அறிந்த பெண்டாட்டி கதவைத் தாழ்போட்டு உள்ளே இருக்கிறாள். அவன் கெஞ்சுகிறான், கோபப்படுகிறான், தன்னுடைய தியாகத்தைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறான். எதுவும் பலிக்காமல் அவளுடைய அண்ணனைக் கூட்டிவரப் போகிறான். அண்ணன் வந்து நாலு நியாயம் சொன்னதும் கதவு திறக்கிறது. கைதட்டல், திரை.

அந்தக் கணவனும் ராஜதாஸ்தான், அண்ணனும் ராஜதாஸ்தான். ஆள் பற்றாக்குறையில் தொடங்கிய ஏற்பாடு, பிறகு அதுவே பெருமையாகிவிட்டது. கணவனாக வெளியே போனவர் மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று வேட்டி மாற்றி, ஜிப்பா போட்டு, கொம்பு மீசை ஒட்டிக்கொண்டு அண்ணனாக வருவார். அதற்கு எட்டு நிமிடம் வேண்டும். அந்த எட்டு நிமிடமும் மேடை காலி. நாடகம் எழுதிய நோட்டில் அந்த இடத்தில் ‘சோகப் பாட்டு’ என்று எழுதியிருக்கும். அண்ணன் வேஷத்துக்கு மூன்று தடவை சிறந்த நடிகர் ஷீல்டு கிடைத்தது. மூன்றும் அலமாரியில் பைபிளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

அபிலாஷ் அதியன்னூர்க்காரன். சின்னப் படங்கள் எடுத்துப் பெயர் வாங்கியவன். முதல் தடவை வந்தபோது, “ஒம்பது வயசில எங்க கோயில்ல பாத்தது மாமா, இப்பளும் மனசில கெடக்குது, இதைத்தான் பெரிய படமா எடுக்கப் போறேன்,” என்று காலைத் தொட்டான். ராஜதாஸ் நோட்டைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டார். இரண்டாவது தடவை, இரண்டு மணி நேரம் ஒரே கதவைக் காட்டினால் ஜனம் எழுந்து போய்விடும் என்றான். மூன்றாவது தடவை, மேடையில் ஐம்பதடி தள்ளிப் பார்த்தால் மீசை மீசைதான், கேமரா கிட்டே போனால் பசை தெரியும், ஆகவே அண்ணனுக்கு வேறு நடிகர் என்றான்.

பாறசாலைச் சந்தையில் மீன் வாங்க நின்றவர்கள் ஆளுக்கொரு எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். முதலில் ஓர் இடம் சரியில்லை என்பான், பிறகு அதை அவனே எழுதுவான், கடைசியில் பெயர் போடும்போது பார்த்தால் உன் பெயர் இருக்காது என்றார்கள். ராஜதாசுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்ததே அந்த ஒரு வரிதான். ‘கதை, வசனம்: ராஜதாஸ்’ என்று திரையில் வர வேண்டும், அதை நெய்யாற்றின்கரைத் தியேட்டரில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

“செல்லு, என்ன சம்சயம்?” என்றார்.

“கதவுக்கு உள்ள அவ என்ன செய்யியா மாமா?”

“எவ?”

“நாடகத்தில உள்ள அந்த அம்மை. நீங்க வெளிய நிண்ணு ஒண்ணரை மணிக்கூர் பேசியீங்க. அப்ப அவ உள்ள என்ன செய்யியா? மேடையில அதைக் காட்டண்டாம். படத்தில ஒரு தடவையாவது கேமராவை உள்ள கொண்டு போணும்.”

ராஜதாஸ் பசைத் தகரத்தைக் கீழே வைத்தார். பதினாறு வருஷத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி.

“உள்ள இருக்கியா. வேற என்ன செய்ய?”

“சும்மாவா?”

“கோவத்தில இருக்கியா. அழுதோண்டு இருக்கியா. பெண்ணும்பிள்ளைய வேற என்ன செய்வினும்?”

ரெஜியின் கத்தி பிளாஸ்டிக்கில் பாதியில் நின்றது. அபிலாஷ் கொஞ்சம் தயங்கினான்.

“அப்பம் அந்தப் பேச்சு?”

“எந்தப் பேச்சு?”

“மேடை காலியா கெடக்கும்ப கதவுக்க பின்ன இருந்து ஒரு பேச்சு வருமே. அதாக்கும் மாமா நாடகமே. நீங்க தந்த நோட்டில அதைக் காணல்ல. வேற நோட்டு உண்டா?”

“அங்க பாட்டுதான். டேப்பில போடும் பாட்டு. நான் எழுதினது எனக்குத் தெரியாதா?”

“வேற யாருக்காவது அந்த நோட்டைக் குடுத்தாச்சா? உள்ளதைச் செல்லுங்க. வேற கம்பெனி யாராவது வந்தாங்களா?”

“எலே, நீ என்னைக் கள்ளன் எண்ணா செல்லிய?”

“நீங்க முதல் நாளில இருந்தே என்னைக் கள்ளன் எண்ணுதானே பாக்கியீங்க.”

மழை திரும்பவும் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பதிவு செய்கிற ஆளோடு வருவதாகவும், அந்தப் பேச்சு கிடைக்காவிட்டால் படத்தை விட்டுவிடுவதாகவும் சொல்லி அபிலாஷ் இறங்கிப் போனான். போகிற போக்கில் நாய்க்குப் பிஸ்கட் போட்டான்.

“இல்லாத ஒண்ணை உண்டு எண்ணு செல்லி, அதை அவனே எழுதிச் சேத்து, ரெண்டு பேரும் சேந்து எழுதினது எண்ணு போடப் பாக்கியான். மனசிலாச்சாலே?” என்றார் ராஜதாஸ்.

“எனக்கு சவாரி உண்டு,” என்று ரெஜி கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தான். நாடகத்தில் மைக் கட்டியது அவன்தான். சின்ன வயதிலிருந்தே ஜெனரேட்டர் பக்கம் வந்து, “மேடைக்கு வாங்க” என்று அப்பாவின் தோளில் தட்டியவனும் அவன்தான். அவன் முகம் கொடுக்காமல் போனது ராஜதாசுக்கு உறுத்தியது. பையனை அபிலாஷ் வளைத்துவிட்டானோ என்று நினைத்தார்.

ஐந்தரை மணிக்கு ராஜதாசின் பெண்டாட்டி ஆனந்தபாய் அண்டியாபீசிலிருந்து வந்தாள். முந்திரி ஆலையில் இருபத்தெட்டு வருஷ வேலை. முதலில் அண்டி தல்லினாள், கொட்டையை அடித்து உடைக்கிற வேலை; இப்போது பருப்பில் தோல் உரிக்கிறாள். தல்லின காலத்து எண்ணெய் பட்டுக் கறுத்த விரல் நுனிகள் இன்னும் வெளுக்கவில்லை. குடையை மடக்கிச் சாய்த்துவிட்டு நேரே அடுக்களைக்குப் போய் மரச்சீனிக் கிழங்கை நறுக்கி அடுப்பில் ஏற்றினாள். காலையில் வைத்த நெத்தோலிக் கறி இருந்தது.

ராஜதாஸ் அடுக்களை நடையில் வந்து நின்றார்.

“ஆனந்தம், அந்தப் பய களவுக்கு வந்தவனாக்கும்.”

“என்ன களவு?”

“மேடை காலியா கெடக்கும்ப கதவுக்க பின்ன யாரோ பேசினாளாம். அது நோட்டில இல்லியாம்.”

கிழங்கு வெந்த தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது. ஆவி முகத்தில் அடித்தது. அவள் விலகவில்லை.

“நீங்க என்ன செல்லினிய?”

“பாட்டு எண்ணு செல்லினேன். உள்ளதைத்தானே செல்ல முடியும். நாடகம் முழுக்க உனக்கு மூணு வசனம்தானே.”

“ஓ,” என்றாள். “மூணு.”

கதவுக்குப் பின்னால் எல்லா மேடையிலும் உட்கார்ந்திருந்தது ஆனந்தபாய்தான். மேடையில் ஒரு தடவையும் தலை காட்டியதில்லை. ‘போங்க’, ‘எனக்க பிள்ள எங்க’, ‘திறக்க மாட்டேன்’ என்று மூன்று வசனம். கடைசியில் தாழை நீக்க வேண்டும். அதற்கு நடிகையை அமர்த்துவானேன் என்று ராஜதாஸ்தான் அவளை உட்கார வைத்தார்.

“நீ என்னமும் மறைக்கியியா?” என்று கேட்டார்.

“கிழங்கு வெந்தாச்சு. இருங்க,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ராஜதாஸ் ஆராதனை முடிந்து வந்து ஈரச் செருப்பைக் கழற்றும் முன்பே அபிலாஷ் வந்துவிட்டான். கூடவே விபின் என்றொரு மெலிந்த ஆள், தோளில் பெட்டி, கையில் ரோமம் வைத்த நீள மைக். ரெஜியும் சவாரிக்குப் போகாமல் நின்றான். ஆனந்தபாய் எல்லோருக்கும் பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்தாள். ராஜதாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு, கேஸ் விசாரிக்கிறவர் மாதிரி உட்கார்ந்தார்.

“மக்கா, அந்தப் பேச்சைக் கேட்டேன் எண்ணு செல்லியியே. எங்க, செல்லு பாப்போம்.”

அபிலாஷ் தரையைப் பார்த்தபடி நினைவைத் தேடினான். பிறகு தணிந்த குரலில் சொன்னான்.

“‘பிள்ளையைக் கொண்டு போனவங்க கேளுங்க. அவளுக்குச் சோத்தில நெய் விட்டா கக்குவா. இடி வெட்டினா காதைப் பொத்தண்டாம், கையைப் பிடிச்சா போதும்.’ அதுக்குப் பெறவு கொஞ்சம் மறந்துபோச்சு. ‘வலத்தக் காதுக்குப் பின்ன ஒரு கறுத்த மறு உண்டு. அழுக்கு எண்ணு நெனச்சு தேய்க்காதீங்க, அவளுக்கு நோவும்.’”

ராஜதாசின் சாயா மடியில் சிந்தியது. அவருடைய மகள் ஜின்சிக்கு வலது காதுக்குப் பின்னால் ஒரு மறு உண்டு.

பிள்ளையை வாங்கிக்கொண்டது நாடகத்தில்தான் அக்காள். வாழ்க்கையில் அவருடைய அண்ணன் விஜயதாஸ். எல்லைக்கு அந்தப் பக்கம் மார்த்தாண்டத்தில் வீடு, பிள்ளையில்லை. அண்ணன் கேட்டார், தம்பி கொடுத்தார். ஜின்சிக்கு அப்போது இரண்டு வயது. ஆனந்தபாய் அண்டியாபீசிலிருந்து திரும்பியபோது தொட்டில் சேலை மட்டும் உத்தரத்தில் தொங்கியது. அடுத்த வருஷம் ராஜதாஸ் நாடகத்தை எழுதினார். அதை எழுதினதோடு தன் கணக்கு தீர்ந்தது என்று நம்பினார். ஜின்சி இப்போது மஸ்கட்டில் நர்சு. பெரியப்பாவை அப்பா என்றும், பெற்றவளைச் சித்தி என்றும் கூப்பிடுகிறாள். விவரம் தெரிந்தபிறகும் அந்த விளி மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு போன் செய்வாள். அந்த நேரத்தில் ராஜதாசுக்கு ரப்பர் தோட்டத்தில் ஏதாவது ஒரு சோலி வந்துவிடும்.

“இதை ஒனக்குச் செல்லித்தந்தது யாரு?” என்று அபிலாஷைப் பார்த்துக் கேட்டார். பிறகு ரெஜியைப் பார்த்தார். “நீயாலே?”

“நான்தான்,” என்றாள் ஆனந்தபாய். சாயா தட்டை இன்னும் கீழே வைக்கவில்லை. “அவனுக்கு மட்டும் இல்ல. எல்லாருக்கும் செல்லினது நான்தான்.”

“எப்பம்?”

“நீங்க மீசை ஒட்டும்ப.”

கூரைத் தகரத்தில் விழுந்த மழையை மீறி அவளே சொன்னாள்.

“காரக்கோணத்தில நாடகம் களிச்சோம், ஞாபகம் உண்டா? அண்ணைக்கு டேப்பு சிக்கிப்போச்சு. பாட்டு வரல்ல. நீங்க போயாச்சு. ஆளுவ விசிலடிக்கத் தொடங்கினாங்க. எனக்க முன்ன மைக்கு இருந்துது. என்ன செல்ல எண்ணு தெரியல்ல. பிள்ளையைக் கொண்டு போவும்ப நான் இருந்தா என்ன செல்லி விடுவேனோ, அதைச் செல்லினேன். விசில் நிண்ணுபோச்சு. அடுத்த தடவையும் டேப்பு போடண்டாம் எண்ணு ரெஜியிட்ட நான்தான் செல்லினேன்.”

“பதினாறு வருஷமா?”

“ஓ.”

“எனக்க காதில மட்டும் விழல்லியா?”

“ஜெனரேட்டருக்க பக்கத்தில நிண்ணா என்ன கேக்கும்?”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். நான் ஏழெட்டுத் தடவை அந்த நாடகத்தைப் பார்த்தவன். அண்ணனின் கொம்பு மீசைக்காக யாரும் வரவில்லை. பெண்கள் நேரத்தோடு வந்து பாய் விரித்து இடம் பிடித்தது அந்த எட்டு நிமிடத்துக்காக. ஆளில்லாத மேடை, மூடின கதவு, ஒரு குரல். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், உறங்குகிற பிள்ளையின் காதைத் தொட்டுப் பார்த்த அம்மைமார் உண்டு. மறுநாள் ராஜதாசை வழியில் கண்டால், “கதவுக்கப் பின்ன உள்ள பேச்சு நெஞ்சைக் கிழிச்சிட்டு அண்ணே” என்போம். அவர் தான் எழுதின மூன்று வசனத்தைத்தான் சொல்கிறோம் என்று நினைத்துத் தலையாட்டுவார். எழுதினவருக்கே தெரியாது என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

“என்னட்ட செல்லியிருக்கலாமே ஆனந்தம்.”

“செல்லியிருந்தா நோட்டில எழுதியிருப்பிய. எழுதி, திருத்தி, கடைசியில எனக்க அண்ணன் வந்து பதில் செல்லுகது மாதிரி ஆக்கியிருப்பிய.” அவள் குரல் உயரவில்லை. “எனக்கு வேண்டியது பதில் இல்ல. யாராவது அங்க போய் செல்லணும். அவ்வளவுதான். ஒரு தடவை செல்லவும் செய்தாங்க.”

“எங்க?”

“உங்க அண்ணனுக்க சபையில நாடகம் நடந்துதே. ‘எனக்க சேலைத் தும்பு பிடிக்காம அவ உறங்க மாட்டா, ஒரு சேலை குடுத்து விடல்ல’ எண்ணு அண்ணைக்குச் செல்லினேன். திங்களாழ்ச்சை உங்க மதினி அண்டியாபீஸ் வாசல்ல வந்து நிண்ணா. வேற ஒண்ணும் பேசல்ல. ‘உடுத்த சேலை ஒண்ணு தா’ எண்ணு கேட்டா. குடுத்தேன்.”

ராஜதாசுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். மதினி, மகன், பெண்டாட்டி, நேற்று வந்த அபிலாஷ், சந்தையில் மீன் விற்கிறவள் வரை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தன்னுடைய நாடகத்தில் தனக்குத் தெரியாமல் வேறொரு நாடகம் நடந்திருக்கிறது. கைதட்டினவர்கள் எல்லாம் இப்போது அவருக்குச் சந்தேகத்துக்குரியவர்களாகத் தெரிந்தார்கள்.

அபிலாஷ் மெதுவாகக் கேட்டான். “மாமி, அதை ஒரு தடவை செல்லுவீங்களா? விபின் பதிஞ்சு எடுப்பான். பெறவு கேமராவை எங்க வைக்கியது எண்ணு எனக்குத் தெரியும்.”

“கதவைச் சாத்தினாத்தான் எனக்கு வரும்,” என்றாள். “கேமரா உள்ள வரப்படாது.”

“வராது மாமி.”

“பின்ன, இவரு வெளிய இருக்கணும். தோட்டத்துக்குப் போவப்படாது.”

விபின் மைக்கை உள்ளறையில் வைத்து, வயரைக் கதவுக்கு அடிவழியே இழுத்தான். மழை கொஞ்சம் ஓயக் காத்திருந்தார்கள். தகரத்தில் சொட்டுச் சத்தம் அடங்கியதும் ஆனந்தபாய் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. தாழ் விழும் சத்தம் கேட்டது. ராஜதாசுக்கு நன்றாகப் பழகிய சத்தம்.

அவர் கதவுக்கு முன்னால் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் ரெஜி நின்றான். விபின் விரலைக் காட்டினான். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“பிள்ளையைக் கொண்டு போனவங்க கேளுங்க,” என்று தொடங்கியது குரல்.

அது அவருக்குத் தெரிந்த குரலாக இல்லை. அவசரமே இல்லாத குரல். அடுத்த வீட்டுக்காரியிடம் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவள் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனது. நெய், இடி, மறு, சேலைத் தும்பு. வெந்நீரில் குளிப்பாட்டினால் சிரிப்பாள் என்றது. பூனையைக் கண்டால் அம்மை என்று விளிப்பாள், திருத்த வேண்டாம் என்றது. ‘அப்பன் எங்கே எண்ணு கேட்டா, வருவாரு எண்ணு செல்லுங்க. அவரு தோளில இருந்துதான் உறக்கம் பழகினது’ என்றது. ராஜதாஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்படி ஒரு தோள் தனக்கு இருந்தது அவருக்கே மறந்துபோயிருந்தது.

“நான் சாபம் ஒண்ணும் போடல்ல. இதொக்க யாராவது அங்க செல்லிடுங்க. இருட்டுகதுக்கு முன்ன செல்லிடுங்க.”

குரல் நின்றது. பழக்கதோஷத்தில் ரெஜி அப்பாவின் தோளில் தட்டினான். இனி அண்ணன் வர வேண்டும். ‘திறடி கதவை, கொடுத்தது கொடுத்ததாக்கும்’ என்பது அண்ணனின் முதல் வசனம். மூன்று ஷீல்டு வாங்கிக் கொடுத்த வசனம். ராஜதாஸ் எழவில்லை. அபிலாஷ் அவரைப் பார்த்தான்.

“மக்கா,” என்றார் ராஜதாஸ். “அண்ணன் வரண்டாம். அந்த வேஷத்தை வெட்டிடு.”

“அப்பம் கதவைத் திறக்கச் செல்லியது யாரு மாமா?”

“யாரும் செல்லண்டாம்.”

கொஞ்ச நேரம் கழித்து தாழ் நீங்கியது. ஆனந்தபாய் நடையில் நின்றாள். கணவன் அழுவதைக் கண்டாள். உடனே அவள் கண் பெட்டியின் பக்கம் போனது.

“அந்த மெஷினு ஓடுதா?”

“ஓடுது மாமி.”

“நிறுத்து.”

சிவப்பு விளக்கு அணைந்தது. அவள் ராஜதாசின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினாறு வருஷம் இந்த மனிதன் அழுவதைக் கதவின் இடுக்கு வழியே பார்த்தவள் அவள். எந்த வசனத்தில் விம்முவார், எந்த இடத்தில் மேல்துண்டை எடுப்பார், ஜனம் உச்சுக்கொட்டியதும் எப்படி நிறுத்துவார் என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். இதுவும் நிற்கும் என்றுதான் காத்திருந்தாள். நிற்கவில்லை. மூக்கு ஒழுகியது, அவர் துடைக்கவுமில்லை.

“போய் முகம் கழுவுங்க,” என்றாள் கடைசியில். “நாலு மணிக்கு ஜின்சி விளிப்பா. இண்ணைக்கு நீங்க எடுக்கணும்.”

“எடுத்து நான் என்ன பேச?”

ஆனந்தபாய் காலி கிளாசுகளைத் தட்டில் எடுத்து அடுக்கினாள்.

“சோத்தில நெய் விட்டா இப்பளும் கக்கியாளா எண்ணு கேளுங்க,” என்றாள். “எனக்கு அது இண்ணு வரைக்கும் தெரியாது.”

ராஜதாஸ் முகம் கழுவிவிட்டு வந்தார். நாலு மணிக்கு இன்னும் நேரம் கிடந்தது. போனை மடியில் வைத்துக்கொண்டு, திறந்து கிடந்த கதவுக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.